மிலியார் என்றால் நூறு கோடி

பிரெஞ்சுச் செய்திகளைத் தமிழாக்கி வெளியிடுவோர் சிலருக்கு மிலியோனும் மிலியாரும் ஒன்றாகவே தோன்றுகின்றன. சிறிய ஒலி வேறுபாடுதானே என்று எண்ணுகிறார்கள் போலும். வேறுபாடு ஆயிரம் மடங்கு. பிரான்ஸின் பொதுக்கடன் 2023இல் 3,000 மிலியார் யூரோவைத் தாண்டியது. நம் கணக்கில் மூன்று இலட்சம் கோடி. இதனை 'மூவாயிரம் மில்லியன்' என்று எழுதினால் முந்நூறு கோடியாகிவிடும். ஒரு நாட்டின் கடன் ஒரு கம்பனியின் கடனாகச் சுருங்குவதை ஒப்புநோக்குநரும் கவனிப்பதில்லை.

சுட்டிக்காட்டினால் ஒரு சமாதானம் வரும்: "எண்பதை 'நான்கு இருபது' என்கிற பிரெஞ்சுக்காரனின் கணக்கே கோணல்." இதை நான் ஏற்கமாட்டேன். தொண்ணூற்றுக்குள் நூறையும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரத்தையும் ஒளித்து வைத்திருப்பவர்கள் நாம். பிறர் கோணலைச் சொல்ல நமக்கு வாயேது? மேலும் அந்தக் கோணல் நூறுக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. அப்பால் பிரெஞ்சு எண்கள் சீரானவை: மிலியோன் பத்து இலட்சம், ஆயிரம் மிலியோன் ஒரு மிலியார், ஆயிரம் மிலியார் ஒரு பிலியோன்.

இந்தப் பிலியோனில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஆங்கிலப் பில்லியன் நூறு கோடி. பிரெஞ்சுப் பிலியோனோ ஓர் இலட்சம் கோடி, அதாவது ஆங்கில டிரில்லியன். 1484இல் நிக்கொலா சுக்கே தமது கணித நூலில் மில்லியன் மடங்கு மில்லியனுக்கே அப்பெயரை வைத்தார். பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரரே அதனை ஆயிரம் மில்லியனாகக் குறைத்தனர். அமெரிக்கர் அதனைப் பின்பற்றினர். 1961இல் பிரான்ஸ் அரசாணை மூலம் பழைய அளவுக்குத் திரும்பியது. 1974இல் பிரித்தானிய அரசு அதற்கு நேர்மாறாக அமெரிக்க வழக்கத்துக்கு மாறியது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நூலொன்றை மொழிபெயர்ப்பவர் சொல்லை மட்டுமன்றி ஆண்டையும் பார்க்கவேண்டும். மிலியாரில் இந்தத் தொல்லை இல்லை. 1871இன் தோல்விக்குப் பின் ஜேர்மனிக்குப் பிரான்ஸ் செலுத்த நேர்ந்த ஐந்து மிலியார் பிராங்க், அன்றும் இன்றும் ஐந்நூறு கோடியே.

காற்புள்ளி இன்னொரு பொறி. பிரெஞ்சில் அது தசமப் புள்ளி; ஆயிரங்களைப் பிரிப்பது வெற்றிடம். '2,5 மிலியார்' என்பது 250 கோடி. புள்ளி ஏதோ அச்சுப் பிழை என்று கருதி அதனை நீக்கி, 25 என்று போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மில்லியன், பில்லியன் என்று எழுதுவது இலங்கைப் பத்திரிகைகளில் ஊறிவிட்ட பழக்கம். எங்கள் தலைமுறைக்கும் அதில் பங்குண்டு. ஆங்கில மூலத்திலிருந்து எழுதும்வரை அது பிழைத்துக்கொண்டது. இன்று பாரிஸிலிருந்தும் ஜெனீவாவிலிருந்தும் நம்மவரே நேரடியாகச் செய்தி எழுதுகிறார்கள். அதை வாசிப்பவர் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார். இவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவுள்ள சொல் கோடி. பிரெஞ்சு மிலியாரும் பிலியோனும் அதில் மீதியின்றி அடங்குகின்றன. பிறகு ஏன் ஒலியை மட்டும் பெயர்த்து வைக்கவேண்டும்?

பிரான்ஸில் காசோலையின் எழுத்துத் தொகையும் இலக்கத் தொகையும் முரண்பட்டால், எழுத்தில் உள்ளதே செல்லுபடியாகும் என்பது சட்டம். செய்திக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. அச்சானதை வாசகர் நம்பிவிடுவார்.