கரித்துணி ஆகறதுக்கு முன்னாடி

டிஸ்கி: பார்க்க கைவேலைப் பதிவு மாதிரி இருக்கும். ஆனா இது கருத்துப் பதிவு. கத்தரிக்கோல் பாதியிலதான் வரும், பொறுமை முக்கியம் மக்களே :-)

நம்ம வீடுகள்ல ஒரு டி-ஷர்ட்டோட வாழ்க்கை வரலாறு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். முதல் வருஷம் வெளியே போட. சாயம் போனதும் வீட்டுல போட. கழுத்து தொங்கினதும் ராத்திரி தூங்க. அக்குள்ல ஓட்டை விழுந்ததும் அப்பாவோட வண்டி துடைக்க. கடைசியில நாலாக் கிழிச்சு அடுப்படி மேடையில கரித்துணி. இப்ப இங்கிலீஷ்ல இதுக்கு "அப்சைக்ளிங்"னு பேர் வெச்சு, ஏதோ போன வாரம்தான் கண்டுபிடிச்ச மாதிரி எழுதறாங்க. எங்கம்மாகிட்ட சொன்னா, "இதுக்கெல்லாமா பேரு வெப்பாங்க"ன்னு கேப்பாங்க.

ஆனா எனக்கு இந்த வரலாற்றுல ஒரு குறை உண்டு. எல்லாப் படியும் கீழே இறங்கற படிதான். பழசானா இன்னும் மட்டமான வேலைக்குத்தான் போகணும். பழைய துணியை வெட்டி, முன்னைவிட நல்லா, ஆசைப்பட்டு உடுத்தற மாதிரி ஒண்ணு செஞ்சா நம்ம ஆளுங்களுக்கு உடனே ஒரு அசௌகரியம் வந்துடுது. அதுலயும் செஞ்சது ஒரு ஹால்டர் டாப்னா கேக்கவே வேணாம்.

ஹால்டர்னா தெரியாதவங்களுக்கு: தோளும் கையும் கிடையாது. முன்பக்கத் துணி மேல ஏறி, ஒரு நாடாவா கழுத்துக்குப் பின்னால முடிச்சுப் போட்டு நிக்கும். பாதி முதுகு தெரியும். 1955-ல வந்த ஒரு ஹாலிவுட் படத்துல மர்லின் மன்றோவோட வெள்ளை கவுன் காத்துல பறக்குமே, அதோட மேல்பாதி இந்த ரகம்தான். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் குதிரையைக் கட்டி இழுக்கிற தலைக்கயிறு. (தலைக்கயிறுங்க, தாலிக்கயிறு இல்ல. அவசரத்துல தப்பாப் படிச்சிடாதீங்க.)

பழைய டி-ஷர்ட்டை வெட்டி இதைச் செய்யறது அமெரிக்கால வந்த பழக்கம். 2006-ல மேகன் நிக்கோலேனு ஒருத்தங்க "ஜெனரேஷன் டி"ன்னு ஒரு புத்தகம் போட்டாங்க. ஒரு டி-ஷர்ட்டை 108 விதமா மாத்தறது எப்படின்னு. 108 தடவை பிரதட்சணம் பண்ற ஊர்க்காரிக்கு அந்த எண்ணே பிடிச்சுப் போச்சு.

நான் ஆணி புடுங்கறது சாஃப்ட்வேர்ல. அதனால டி-ஷர்ட்டுக்குப் பஞ்சமே இல்ல. சேர்ந்தா டி-ஷர்ட், ஹேக்கத்தான்னா டி-ஷர்ட், ஃபேமிலி டேன்னா டி-ஷர்ட். ஒரு ப்ராஜெக்ட்டுக்கு, அது முடியறதுக்கு முன்னாடியே "வெற்றிகரமாக முடித்தோம்"னு அச்சடிச்ச டி-ஷர்ட் வந்துச்சு. அப்புறம் ப்ராஜெக்ட்டையே இழுத்து மூடிட்டாங்க, டி-ஷர்ட் மட்டும் பீரோல இருக்கு. இதுல எதுவும் நான் கேட்டு வாங்கினது இல்ல. எல்லாம் ஆம்பள சைஸ், தோள்பட்டை முழங்கைக்குப் பக்கத்துல வந்து நிக்கும்.

"யாருக்காவது தானம் குடுத்துடலாமே"ன்னு ஒரு குரல் கேக்குது. குடுத்துப் பாருங்க. எங்க தெருவுல பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் குடுக்கறவர் வருவார். பட்டுப் புடவைக்கு முகம் மலரும், பேன்ட்டை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார், டி-ஷர்ட்டை மட்டும் தொடாமலே ஒதுக்கி வெச்சிடுவார். அவருக்குத் தெரியும் அது விலை போகாதுன்னு. உலக அளவுலயும் இதே கதைதான். பணக்கார நாடுகள் கழிச்சுக் கட்டற துணியெல்லாம் மூட்டை மூட்டையா கானா நாட்டுத் தலைநகர் அக்ராவுல இருக்கிற கான்டமாண்டோ சந்தைக்குப் போகுது. அந்த ஊர் பாஷைல அதுக்குப் பேரே "செத்துப் போன வெள்ளைக்காரன் துணி". இவ்வளவு துணியை ஒருத்தன் வேணாம்னு விடணும்னா அவன் செத்துத்தான் போயிருக்கணும்னு அவங்க நினைச்சாங்களாம். நம்ம பாத்திரக்காரர் ஒதுக்கறதை அங்க இருக்கிற வியாபாரியும் ஒதுக்கத்தான் செய்வார். அவர் ஒதுக்கினது அந்த ஊர்க் குப்பையில சேருது.

அதுக்காக, நான் ஒரு டாப் தைச்சு பூமியைக் காப்பாத்திட்டேன்னு சொல்ல வரல. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணின்னு ஒரு கணக்கு எல்லாக் கட்டுரைலயும் வரும். சரி, செலவாயிடுச்சு. நான் வெட்டினதால அந்தத் தண்ணி திரும்பி வரப் போறதில்ல. இதை வெச்சுக்கிட்டு கடையில புதுசா ஒண்ணு வாங்காம இருந்தா மட்டும்தான் லாபம். சுற்றுச்சூழல் காரணம் சொல்லித்தான் இதைச் செய்யணும்னு நினைக்கிறதே ஒரு தப்பிச்சுக்கிற வழின்னு எனக்குத் தோணுது. ஒரு பொண்ணு தனக்குப் பிடிச்சதுக்காக அரை நாள் உக்காந்து ஒண்ணு செஞ்சான்னா அதுக்கு ஐ.நா. சபை ஒப்புதல் எதுக்கு?

சரி, இப்ப கத்தரிக்கோல்.

இந்த வேலை எப்படி நடக்குதுன்னு புரிய, பனியன் துணி எப்படி இருக்கும்னு தெரிஞ்சிருக்கணும். எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது அத்தை. (இங்கே கொசுவத்தி சுத்திக்கவும்.) அத்தை திருப்பூர்ல பனியன் கம்பெனில இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவங்க. கைமடியா சேர்ந்து, அப்புறம் செக்கிங். லீவுக்குப் போனா என் சட்டை விளிம்பை இழுத்துப் பார்த்துட்டுத்தான் "வா கண்ணு"ம்பாங்க. சேலைத் துணியில நெட்டு நூலும் குறுக்கு நூலும் பின்னியிருக்கும், வெட்டினா ஓரம் பிரிஞ்சு நூல் நூலா வரும். பனியன் துணி அப்படியில்ல. அது ஸ்வெட்டர் மாதிரி, கண்ணி கண்ணியா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்தது. வெட்டினா அவ்வளவு சீக்கிரம் பிரியாது, சுருளும். அதனாலதான் ஓரம் அடிக்காமலே உடுத்த முடியுது. தையல் மெஷின் இல்லாதவங்களும் இதைச் செய்யலாம்னா காரணம் இதுதான். இதை அமெரிக்கப் புத்தகம் பார்த்து நான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கல, அத்தை விரல்லயே இருந்தது.

செய்முறை இவ்வளவுதான். நல்லா துவைச்சுப் பழகின வட்டக் கழுத்து டி-ஷர்ட் ஒண்ணு, எல் சைஸ். தரையில சுருக்கமில்லாம விரிங்க. முன்பக்கம் ரெண்டு அக்குள்ல இருந்தும் கழுத்தைப் பார்த்துச் சாய்வா ஒரு வெட்டு. பின்பக்கம் அக்குளுக்கு அக்குள் நேரா ஒரே வெட்டு. கை ரெண்டும், கழுத்துப் பட்டியும், பின்பக்க மேல்பாதியும் தனியா வந்துடும். அடிமடிப்புக்கு மேல ஒரு இன்ச் அகலத்துக்குச் சுத்தி வெட்டி ஒரு பட்டை எடுங்க. (மடிப்போட வெட்டினா தையல் இருக்கும், சுருளாது.) அதை ஒரு இடத்துல வெட்டி விட்டு ரெண்டு கையாலயும் இழுத்தா தானாவே சுருண்டு உருண்டையான நாடா ஆயிடும். பார்க்கவே அவ்வளவு சந்தோஷமா இருக்கும், சின்ன வயசுல தேன்மிட்டாய் கடிச்சா பாகு வருமே, அந்த மாதிரி. எல் சைஸ்ல மார்பளவு 40 இன்ச்சுக்கு மேல இருக்கும், நாடாவுக்கு அது தாராளம். முன்பக்க மேல் விளிம்பை ஒன்றரை இன்ச் உள்பக்கமா மடிச்சுத் தைச்சா பாவாடைக்கு நாடா கோக்கற மாதிரி ஒரு பாதை கிடைக்கும். ஊக்குல நாடாவை மாட்டி உள்ள விட்டு மறுபக்கம் இழுத்து, கழுத்துக்குப் பின்னால முடிச்சு. தொளதொளன்னு இருந்தா பக்கவாட்டுல பிடிச்சுத் தைச்சுக்கலாம்.

ஒரு விஷயம். விலை மலிவான டி-ஷர்ட் நிறைய குழாய் மாதிரி பின்னின துணியில தைக்கறது, பக்கத் தையலே இருக்காது. துவைக்கத் துவைக்க முறுக்கிக்கிட்டு ஒரு பக்கமா திரும்பும். அதுக்கு மல்லுக்கட்டாதீங்க. நீங்களும் அது போற போக்குல போய், முடிச்சைக் கொஞ்சம் ஓரமா போட்டா அதுவே ஸ்டைல்.

இப்ப எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம்.

"இதைப் போட்டுட்டு எங்க போவ?" இது சித்தி கேட்டது. வீட்டுல போட்டுக்குவேன், மொட்டை மாடில போட்டுக்குவேன், மேல ஒரு காட்டன் சட்டையைத் திறந்து விட்டுக்கிட்டு சினிமாவுக்குப் போவேன். போயிருக்கேன். வானம் இடிஞ்சு விழல. ஏசி குளிர்தான் தாங்கல.

"நம்ம கலாச்சாரம்"னு இன்னொரு வாதம். இதுக்குத்தான் இந்தப் பதிவே. எங்க பக்கத்துக் கல்யாணங்கள்ல ஜாக்கெட் முதுகைப் பார்த்திருக்கீங்களா? ஒரு சாண் ஜன்னல் வெச்சு, மேல ரெண்டு நாடா முடிச்சுப் போட்டு, நுனில குஞ்சலம் தொங்கும். ஆரி வேலை பண்ணி அதுக்குக் கூலியே ஆயிரக்கணக்குல. என்கிட்ட "எங்க போவ"ன்னு கேட்ட அதே சித்தி, அப்படி ஒரு ஜாக்கெட்ல மேடையேறி வரிசையா நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க, அழகாவும் இருந்தாங்க. என்னோட டாப்ல தெரியற முதுகும் அதே அளவுதான். அப்ப பிரச்சினை முதுகு இல்லையே?

இன்னொண்ணு. காட்டு வேலைக்குப் போற பொம்பளைங்க சேலைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பாங்க. கரும்புச் சோகை அறுக்காம இருக்க, வெயில் சுடாம இருக்க. எங்க பாட்டியை நான் பாதி நாள் அப்படித்தான் பார்த்திருக்கேன். தாத்தா சட்டை, பாக்கெட்ல வெத்தலை. ஆம்பள சட்டையைப் பொம்பள போடறதான்னு யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஆம்பளயோட பழைய துணியைப் பொம்பள உடம்பு வேலைக்காகச் சுமந்தா அது குடும்பப் பாங்கு. அதே துணியை அவ வெட்டி, தனக்கு அழகா இருக்கும்னு கழுத்துல கட்டிக்கிட்டா அது திமிர். பழசு வேலைக்குத்தான், ஆசைக்கு இல்ல. டி-ஷர்ட் கரித்துணிதான் ஆகணும்கறதும், இவ இப்படித்தான் இருக்கணும்கறதும் ஒரே சட்டப் புத்தகத்துல பக்கத்துப் பக்கத்துப் பக்கம்.

கஞ்சத்தனம்னு சொல்றவங்களுக்கு அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. கிழிச்ச ஜீன்ஸைக் காசு குடுத்து வாங்கற நாட்டுல இந்தக் குற்றச்சாட்டு எடுபடாது.

செஞ்சதை அத்தைகிட்ட காட்டினேன். நானும் திட்டுக்குத் தயாராத்தான் போனேன். அவங்க மொதல்ல திருப்பிப் போட்டு உள்பக்கத் தையலைத்தான் பார்த்தாங்க. செக்கிங் கண்ணு போகாது போல. "பட்டி கோணலாப் போயிருக்கு கண்ணு, இதை நான் பாஸ் பண்ண மாட்டேன்"னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கையில வெச்சுக்கிட்டே சொன்னாங்க, "இத்தனை வருசத்துல எத்தனை ஆயிரம் பீஸ் கையில போயிருக்கும். ஒண்ணைக்கூட எனக்குன்னு பிரிச்சுப் பார்க்கணும்னு தோணுனதில்ல." அவங்க வாழ்நாள்ல டி-ஷர்ட்டே போட்டது கிடையாது. வீட்டுக்கு வந்ததெல்லாம் காதர்பேட்டைல கிலோ கணக்குல வாங்கின கழிவுத் துணிதான், அதுவும் மாமாவுக்கும் பசங்களுக்கும்.

அடுத்த வாரம் அத்தைக்கு ஒண்ணு தைக்கறதா ஒப்பந்தம். ஹால்டர் இல்ல, அவங்க கேட்டது வேற: ராத்திரி போட்டுக்க, ரெண்டு பக்கமும் பாக்கெட் வெச்ச, கழுத்து அகலமான ஒரு சட்டை. மூடின ப்ராஜெக்ட்டோட டி-ஷர்ட்டை அதுக்கு ஒதுக்கி வெச்சிருக்கேன். "வெற்றிகரமாக முடித்தோம்" முதுகுப் பக்கம் வர்ற மாதிரி வெட்டச் சொல்லியிருக்காங்க, தூங்கும்போது உறுத்தாதான்னு நான் கேட்டதுக்கு, "தூங்கறப்ப நான் குப்புறத்தான் படுப்பேன், நீ வெட்டு"ன்னுட்டாங்க.

பி.கு: காலர் வெச்ச டி-ஷர்ட்ல இதை முயற்சி பண்ணாதீங்க. அந்தப் புள்ளி புள்ளித் துணி கனம், இழுத்தா சுருளாது, நாடா பட்டையாவே நிக்கும். மாரத்தான்ல குடுக்கற பாலியஸ்டரும் வேணாம், கத்தரிக்கோல் வழுக்கும், சென்னை வெயிலுக்கு உடம்போட ஒட்டும். மார்பு மேல இருக்கிற ரப்பர் மாதிரி அச்சு மேல நேரா இஸ்திரிப் பெட்டியை வெக்காதீங்க, உருகி ஒட்டிக்கும். உள்பக்கமா திருப்பிப் போட்டுத் தேய்ங்க.