செஞ்சிக்கு மழை உண்டா, இல்லையா?

நவரை நெல்லை அறுத்துக் களத்தில் காயப் போட்டிருப்பவருக்குச் சித்திரை மாதத்தில் ஒரே கேள்விதான்: இன்று சாயங்காலம் இங்கே மழை வருமா? டிவியில் வரும் பதில், விழுப்புரம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை, பலத்த காற்றும் வீசக்கூடும். மரக்காணம் உப்பளமும் விழுப்புரம் மாவட்டம்தான், செஞ்சி மலையடிவாரமும் விழுப்புரம் மாவட்டம்தான். நடுவில் சாலை வழியாக 60 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு யார், எந்தக் களத்தை மூடுவது?

கோடை மழை எங்களுக்குப் பெரும்பாலும் மேற்கேயிருந்துதான் வரும். சவ்வாது மலைப் பக்கம் மேகம் திரண்டு, திருவண்ணாமலைத் திசை இருட்டிக்கொண்டு வரும். முதலில் புழுதிக் காற்று. நெல்லைக் கூட்டிக் குவிப்பதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். மல்லாட்டை (நிலக்கடலை) காயப் போட்டவர் பாடும் இதேதான். அரசுக் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நனைந்த நெல்லை வியாபாரியிடம் கொண்டுபோனால் அவர் சொன்னதுதான் விலை. சரி, எச்சரிக்கையை நம்பி ஆள் வைத்து மூட்டை பிடித்து உள்ளே அடுக்கினால், அன்றைக்கு ஒரு தூறல்கூட இருக்காது. கூலிதான் தண்டம்.

சில கிலோமீட்டர் அகலமுள்ள இடிமேகம் எந்த ஊரில் கொட்டும் என்று காலையிலேயே சொல்வது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உருவான பிறகு ரேடாரில் தெரிகிறதே! ஊராட்சி அளவில் வானிலை முன்னறிவிப்பு என்று 2024 அக்டோபரில் டெல்லியில் தொடங்கி வைத்தார்கள். 2025 மே மாதம், 6 கிலோமீட்டர் கட்டத்துக்குக் கணிக்கும் ‘பாரத் முன்னறிவிப்பு முறை’யும் வந்தது. அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்ட பிறகும், எங்கள் காதுக்கு வரும்போது மட்டும் ஏன் அது மறுபடி மாவட்டமாகிவிடுகிறது?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், நகராமல் நின்று எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. மயிலத்துக்குக் கடற்கரை கிடையாது. அதற்குப் பிறகாவது உள்ளே இருக்கும் ஊர்களைப் பேர் சொல்லி எச்சரிக்க வேண்டாமா?

மேகம் கிளம்பியதும் தாலுகா பேரைச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். ஊராட்சியில் மைக் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும், மூட்டை பிடிக்காமலே சமாளித்துவிடுவோம். நாலு தடவை சொன்னதில் இரண்டு தடவை மழை வராமல் போனாலும் குறை சொல்ல மாட்டோம். தார்ப்பாயை விரித்துத் திரும்பச் சுருட்டுவதில் எங்களுக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது.