அக்காள் வீட்டில் நான்கு நாள்



சென்ற நவம்பர் இதழில் இப்பகுதியில் நான் எழுதியிருந்த யோசனை ஒன்று தங்களிற் சிலருக்கேனும் நினைவிருக்கக்கூடும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பெருநகரம் செல்ல விரும்பும் குடும்பத்தார் விடுதிகளில் பணத்தைக் கொட்டாமல், அங்குள்ள உறவினர் வீட்டில் தங்குவதே சிக்கனம் என்று எழுதினேன். நாளொன்றுக்கு அறை வாடகை இவ்வளவு, உணவுச் செலவு இவ்வளவு மிச்சமாகும் என்று ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன். ரயில்வே அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகளாகப் பேரேடு எழுதிப் பிழைப்பவனாதலால் கூட்டலிலும் கழித்தலிலும் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஓர் உருப்படி அடியோடு விட்டுப் போயிற்று. அதைச் சேர்த்துத் திருத்துவதற்காகவே இம்மாதக் கட்டுரையை எழுதலானேன்.

கல்கத்தாவில் என் அக்காள் இருக்கிறாள். நகரத்தின் பெயர் 2001ஆம் ஆண்டிலேயே கொல்கத்தா என்று மாறிவிட்டது. எனினும் நம் வீட்டு வழக்கில் இன்னமும் கல்கத்தாதான். நான் எழுதிய யோசனையை நானே முதலிற் கைக்கொண்டு காட்டவேண்டும் என்ற எண்ணத்துடன் அக்காளிடம் தொலைபேசியிற் பேசினேன். “நான்கு நாள் வருகிறோம், அக்கா. பிள்ளைகளுக்கு உன் கையால் ஆட்டுக்கறிக் குழம்பு வேண்டுமாம்” என்றேன். “இதைக் கேட்கவும் வேண்டுமா? வா, தம்பி” என்றாள். அந்த மறுமொழி வருவதற்கு முன்பு ஒரு கணம் அவள் பேசாமலிருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

டிசம்பர் 24ஆம் நாள் காலை நானும் என் மனைவியும் மக்கள் இருவரும் கரக்பூரில் லோக்கல் வண்டி ஏறினோம். உலகிலேயே நீளமான நடைமேடை நம் ஊரில்தான் என்று நாம் மார்தட்டிய காலம் ஒன்று உண்டு. 1072 மீட்டர் நீளமுள்ள அதனை 2013இல் கோரக்பூரும் 2023இல் ஹூப்ளியும் மிஞ்சிவிட்டன. இதைச் சொன்னதும் என் பத்து வயது மகள், “அப்படியானால் நம் ஊரில் நடக்க வேண்டிய தூரம் குறைவு, நல்லதுதானே, அப்பா!” என்றாள். ஹௌராவுக்கு 115 கிலோமீட்டர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

ஹௌராவிலிருந்து ஹூக்ளி ஆற்றின் அடியிலேயே 2024 மார்ச்சு முதல் மெட்ரோ வண்டி ஓடுகிறது. ஆற்றின் கீழுள்ள பகுதி 520 மீட்டர். கடப்பதற்கு முக்கால் நிமிடமே ஆகிறது. சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் தோன்றியதும் என் ஏழு வயது மகன் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினான். நாற்பத்து மூன்றில் நிறுத்திவிட்டு, “அப்பா, மீன்களெல்லாம் இப்போது நம் தலைக்கு மேலேயா?” என்று கேட்டான். பெட்டியிலிருந்த வங்காளத்து முதியவர் ஒருவர், மொழி புரியாமலேயே அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எஸ்பிளனேடில் இறங்கி, 1984இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொடங்கிய பழைய மெட்ரோ வழியில் ஏறிக் காளிகாட்டில் இறங்கினோம். அங்கிருந்து லேக் மார்க்கெட் சிறிது தூரமே. வாழையிலையும் மல்லிகைச் சரமும் காப்பிப் பொடி மணமும் நம்மை வரவேற்கும் பகுதி அது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடம்.

அக்காள் வீட்டில் அறைகள் இரண்டே. மூன்றாம் மாடி. நீர் காலையிலும் மாலையிலுமாக இருவேளை வரும். நாங்கள் நால்வர் போய்ச் சேர்ந்ததும் வீட்டில் எட்டுப் பேராயினர். பகலுணவுக்கு நெய்ச்சோறு, நான் கேட்ட ஆட்டுக்கறிக் குழம்பு, வடை, ஈச்சஞ்சாற்று வெல்லத்தில் வைத்த பாயசம். கருப்பட்டிக்கு ஏங்கும் நம்மவர்க்குக் குளிர்காலத்தில் வங்காளம் அளிக்கும் ஆறுதல் அந்தப் புதுவெல்லம். என் மனைவி அடுப்பருகே சென்றபோதெல்லாம் அக்காள், “நீ விருந்தாளி; போய் உட்கார்” என்று அனுப்பிவிட்டாள். நானும் திண்ணமாகச் சாய்ந்துகொண்டு, விடுதிச் செலவு மிச்சமானதை மனத்திற்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.

மாலையில் மருமகனை அழைத்துக்கொண்டு நியூ மார்க்கெட்டுக்குப் போனேன். பதினேழு வயதுப் பையன்; பன்னிரண்டாம் வகுப்பு; பிப்ரவரியில் பொதுத் தேர்வு. வங்காளிகள் கிறிஸ்துமஸை ‘பொரோதின்’, அதாவது ‘பெரிய நாள்’ என்கிறார்கள். அன்று எச்சமயத்தார் வீட்டிலும் கேக் உண்டு. 1874இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தையினுள்ளே, யூதக் குடும்பம் ஒன்று 1902இல் தொடங்கிய நகூம் கேக் கடை இருக்கிறது. அதன் வாயிலில் நின்ற வரிசை பல கடைகளைத் தாண்டி வளைந்து சென்றது. நாங்களும் போய் நின்றோம்.

அந்த வரிசையில்தான் என் கணக்கு புரண்டது. மருமகனின் தோழன் ஒருவன் அவனைக் கண்டு, “பத்து நாளாக ஏன் வகுப்புக்கு வரவில்லை? சார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்” என்று வங்காளியில் வினவினான். நமக்கும் அம்மொழி தெரியும் என்பதை அவன் அறியான். தனிப் பயிற்சி வகுப்புக்கு விடுமுறை என்று அன்று பகலிலேயே மருமகன் என்னிடம் சொல்லியிருந்தான். தோழன் போனபின் அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னான்:

“அப்பாவின் கம்பெனியில் இரண்டு மாதமாகப் பாதிச் சம்பளம்தான், மாமா. டிசம்பர்க் கட்டணத்தை ஜனவரியில் சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம், மாமா வருகிறார்கள் என்று அம்மா சொன்னார்கள். வகுப்புக்குப் போகவேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பாக்கி வைத்துக்கொண்டு உட்கார எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அந்த நேரத்தில் ஏரிக்கரையில் உட்கார்ந்து நானே படித்துக்கொள்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. தாங்கள் சொல்லிவிடாதீர்கள்.”

எவ்வளவு கட்டணம் என்று கேட்டேன். கணக்கும் பௌதிகமும் சேர்த்து மாதம் மூவாயிரம் ரூபாய். வரிசையில் நின்றபடியே, நாங்கள் நால்வரும் நான்கு நாள் உண்ணும் அரிசி, பால், கறி, காய்கறி, எரிவாயு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஏறத்தாழ அதே தொகை வந்தது. என் ஏட்டில் வரவாக நான் எழுதியிருந்தது அக்காள் ஏட்டில் செலவாக ஏறியிருந்தது. அதைச் செலுத்தியவனோ, ஏரிக்கரையில் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்த இந்தப் பையன்.

அன்றிரவு எல்லோருமாகப் பார்க் தெருவுக்குச் சென்றோம். 2004 முதல் அதற்கு அன்னை தெரசாவின் பெயர். 2011 முதல் அங்குள்ள ஆலன் பூங்காவில் கிறிஸ்துமஸ் விழா நடந்து வருகிறது. தெருவின் குறுக்கே விளக்கு வளைவுகள். சிவப்புக் குல்லாயணிந்த குழந்தைகள். சமயவேறுபாடின்றி நகரமே வந்து நடந்தது. பின்னர்த் தூய பவுல் பேராலயத்தை வெளியிலிருந்து கண்டோம். 1847இல் அர்ப்பணம் செய்யப்பட்ட அவ்வாலயத்தின் கூர்ங்கோபுரம் 1897, 1934 ஆகிய ஆண்டுகளின் நிலநடுக்கங்களிற் பழுதுற்றமையால், இங்கிலாந்தின் காண்டர்பரிக் கோபுரத்தைப் போன்று மீண்டும் எழுப்பினார்கள் என்று மகளுக்கு எடுத்துரைத்தேன். வாய் பேசிக்கொண்டிருந்ததே அன்றி மனம் விளக்குகளில் நிற்கவில்லை. அத்தான் என் மகனைத் தோளிற் சுமந்து முன்னே நடந்தார். அவருடைய காலணியின் பின்புறம் தேய்ந்திருந்ததை அப்போதுதான் கண்டேன்.

நள்ளிரவுக்குப்பின் மாடி வெளியில் என் மனைவியிடம் யாவற்றையும் சொன்னேன். “பணத்தை அக்காள் கையில் கொடுத்துவிடட்டுமா?” என்றேன். “கொடுத்தால் வாங்குவார்களா? வாங்கினாலும், இனி நம்மை வா என்று அழைக்க அவர்களுக்கு நாக் கூசாதா?” என்று அவள் கேட்டாள். சற்று நேரம் கழித்து, “தாய்மாமன் என்று ஒருவர் எதற்கு இருக்கிறார்?” என்றாள். மூன்று குளிர்காலமாக அவள் எண்ணிக்கொண்டிருந்த காஷ்மீரச் சால்வைக்கும், பிள்ளைகளின் கம்பளி உடைக்குமாக எடுத்து வைத்திருந்த தொகை ஒன்று எங்களிடம் இருந்தது. “சால்வை அடுத்த ஆண்டும் கடையில் இருக்கும்” என்று முடித்துவிட்டாள்.

மறுநாட் காலை வெற்றிலை, பாக்கு, பழத்துடன் ஒரு தட்டில் ஆறாயிரத்து ஒரு ரூபாயை வைத்து, எல்லோர் முன்னிலையிலும் மருமகனைக் கிழக்கு நோக்கி உட்காரச் சொல்லிக் கொடுத்தேன். “பொதுத் தேர்வு எழுதப்போகிறாய். இது தாய்மாமன் சீர். படிப்புக்கன்றி வேறெதற்கும் செலவழிக்கக் கூடாது” என்றேன். காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவன் நான். ஆகையால் எவரும் மறுத்துரைக்க இடமில்லை. அக்காள் என்னைச் சிறிது நேரம் உற்று நோக்கினாள். தெரிந்துகொண்டாளோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே சென்றவள் என் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்துக் கரண்டியைக் கையிற் கொடுத்து, “புளியோதரைக்கு நீ தாளி, நான் இலை நறுக்குகிறேன்” என்றாள். விருந்தாளியென்று நிறுத்தப்பட்டவள் அந்தக் கணத்தில் வீட்டுப் பெண் ஆனாள்.

அதன் பின்னரே எங்கள் விடுமுறை தொடங்கிற்று என்பேன். பொரோதின் அன்று மிருகக்காட்சிச் சாலைக்குச் செல்வது கல்கத்தாவாசிகளின் வழக்கம். 1876இல் தோன்றிய அலிப்பூர்த் தோட்டத்தில் புல்வெளியெங்கும் விரிப்புகளும் கமலா ஆரஞ்சுத் தோலுமாய்க் காட்சியளித்தது. நாங்களும் புளியோதரைப் பொட்டலங்களுடன் ஓர் ஓரத்தில் அமர்ந்தோம். இருநூற்றைம்பது வயது எனப் பலரும் நம்பிய ‘அத்வைதா’ என்னும் பேராமை 2006இல் மறையும்வரை அங்கேதான் இருந்தது. அதைச் சிறுவயதிற் கண்டிராத குறையை அத்தான் இன்றும் சொல்லிக்கொள்கிறார். 26ஆம் நாள் விடியலில் அவருடன் கடைக்குச் சென்றேன். அன்றைய காய்கறிச் செலவு என்னுடையது என்று முன்பே பேசிக்கொண்டோம். திரும்பும் வழியில் அவராகவே, “கம்பெனி நிலைமை சரியில்லை, மாப்பிள்ளை. வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றார். இருபதாண்டு உறவில் அவர் தம் கவலையை என்னிடம் சொன்னது அதுவே முதல் தடவை. அன்று பகல் 1814இல் நிறுவப்பட்ட இந்திய அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். எகிப்து நாட்டுப் பதப்பிணத்தின் முன் என் மகன் என் கையை விடவேயில்லை.

27ஆம் நாள் மாலை புறப்பட்டோம். பாலத்தைக் காணவேண்டும் என்று மகள் வற்புறுத்தியதால் இம்முறை பேருந்தில் வந்தோம். 1943இல் திறக்கப்பட்ட ஹௌராப் பாலம் மரையும் திருகும் இன்றி, அறையாணிகளாலேயே பிணைக்கப்பட்டது. ஒவ்வோர் ஆணியும் தன்மேல் விழும் சுமையைப் பக்கத்து ஆணியுடன் பகிர்ந்துகொண்டு நிற்கிறது. எங்களை வழியனுப்ப மருமகன் வரவில்லை. அந்த நேரத்தில் அவனுக்கு வகுப்பு இருந்தது. வழியனுப்ப ஒருவர் வராததற்காக நான் மகிழ்ந்தது அன்று ஒருநாள்தான்.

நிற்க. நவம்பர் இதழில் கூறிய யோசனையை நான் கைவிடவில்லை. பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நமக்கு உறவினர் வீடே பாதி ஊர். விடுதியில் தங்கிவிட்டு எட்டிப் பார்த்துவிட்டு வருவதை எந்த அக்காளும் பொறுக்கமாட்டாள். எனினும் பின்வரும் திருத்தங்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறேன்.

முதலாவது, ‘வரலாமா?’ என்று கேட்குங்கால் மறுப்பதற்கு இடம் வைத்துக் கேட்கவேண்டும். தேதியையும் பலகாரத்தையும் நாமே குறித்துவிட்டுக் கேட்பது கேள்வியாகாது. இரண்டாவது, அரிசி, பருப்பு, எண்ணெய் முதலியவற்றை இங்கிருந்தே கட்டிக்கொண்டு செல்லலாம். ‘ஊர்ச் சாமான்’ என்று சொல்லிக் கொடுத்தால் எவரும் வேறாக எண்ணார். மூன்றாவது, சென்ற மறுநாள் முதல் கடைக்குப் போவது விருந்தினர் பொறுப்பு. சமையலறையில் ஒரு வேளையேனும் அவர்களுடையதாகட்டும். நான்காவது, அவ்வீட்டில் தேர்வு எழுதும் பிள்ளை உண்டா என்று கேட்டறிந்து, உண்டாயின் இரண்டு நாளோடு திரும்பிவிடுதல் நலம். இதை நான் செய்யத் தவறினேன்.

விடுதி வாடகை மிச்சம் என்று நான் எழுதிய தொகைக்கு எதிரே ‘அக்காள் வீட்டுச் செலவு’ என்று ஓர் உருப்படி எழுதியாயிற்று. அதைத் தீர்க்கும் வகையும் கண்டிருக்கிறோம். தேர்வு முடிந்ததும் அக்காள் குடும்பத்தார் நால்வரும் கரக்பூர் வந்து நம் ரயில்வே குடியிருப்பில் பத்து நாள் தங்கவேண்டும் என்று அழைத்திருக்கிறோம். அக்காள் இசைந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தாள். தான் வரும்போது அரிசி மூட்டையுடன்தான் வருவாளாம்! நான் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தேன்.