எடைக்குப் போகும் எழுத்து

"நூல் வாங்க நமக்கு ஏது வசதி?" என்னும் சொல்லைக் கல்லலிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் நம் கத்தோலிக்க இல்லங்களில் அடிக்கடி கேட்கிறோம். அன்றாடம் கூலிக்குப் போவோரை நாம் குறிக்கவில்லை. பிள்ளையின் புதுநன்மைக்குப் பந்தலிட்டு, பிரியாணி சமைத்து, ஒளிப்படக்காரரையும் வரவழைத்த வீட்டிலேயே அச்சொல் பிறக்கிறது என்பதுதான் நம் வருத்தம்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையாவைச் செட்டிநாட்டார் மறக்கலாகாது. பிறர் வேண்டாவென ஒதுக்கிய நூல்களையும் இதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கிற்று. 1994இல் அச்சேகரம் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. தூரிகை பிடித்த கைக்கு இயன்றது, மாதச் சம்பளம் வாங்கும் கைக்கு இயலாதோ? இலட்சம் வேண்டா, நெஞ்சுக்கு இனிய ஒரே கட்டுரையாசிரியரின் நூல்கள் பத்துப் போதும்.

நமக்கு அவ்வாசிரியர் திரு.வி.க. (1883–1953). சைவராகிய அவர், இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்று, பின்னர் அங்கேயே தமிழாசிரியராயும் இருந்தவர். 'கிறிஸ்துவின் அருள் வேட்டல்' என நூலே இயற்றினார். நம்மில் எத்தனை பேர் அதனைக் கண்ணால் கண்டிருக்கிறோம்? அவர் எழுத்துகள் நாட்டுடைமையானவை, எப்பதிப்பகமும் அச்சிடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசின்றியே படிக்கவும் கிடைக்கின்றன. விலை என்னும் சாக்கு இங்கே நில்லாது.

மற்றொரு சாராரும் உளர். முழுத் தொகுப்பையும் ஒரே நாளில் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைப்பவர். அவரினும் ஒன்றும் வாங்காதவர் மேல், பணமாவது மிஞ்சும்!

முதலில் ஊர் நூலகத்தில் இரவல் பெற்றுப் படியுங்கள். மறுமுறை படிக்கத் தோன்றினாலன்றி வாங்காதீர்கள். 'தமிழ்ச்சோலை' என்னும் கட்டுரைத் திரட்டில் தொடங்கலாம். 'வாழ்க்கைக் குறிப்புகள்' பிறகு வரட்டும். இரண்டு திங்களுக்கு ஒன்றாயின் ஆண்டுக்கு ஆறு, ஐந்தாண்டில் முப்பது. மதுரைப் பக்கம் போனால் பழைய நூற்கடைகளில் கால் மணி நேரம் நில்லுங்கள். அவருடைய சாது அச்சுக்கூடத்துப் பழம்படி ஏதேனும் அகப்பட்டால், அட்டை கிழிந்திருப்பினும் விடாதீர்கள். பக்கங்கள் முழுமையா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். பூச்சி அண்டாதிருக்க நம் பாட்டிமார் அறிந்த வசம்பும் வேப்பிலையும் போதும்.

"கைப்பேசியிலேயே எல்லாம் உண்டே" என்பர் இளையோர். நூலைத் தேர்ந்தெடுக்க அது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தந்தையின் கைப்பேசிக்குள் கிடக்கும் நூலைப் பத்து வயது மகள் தற்செயலாய் எடுத்துப் புரட்டுவது எங்ஙனம்?

பாட்டனாரின் நூல்களைப் பழைய தாளோடு எடைக்குப் போட்ட வீடு ஒன்றை நாம் அறிவோம். ஓரமெல்லாம் பென்சிற் குறிப்புகளோடு 'பெண்ணின் பெருமை' ஒரு படி அக்குவியலில் போயிற்று. அதே வாரம் அவ்வீட்டின் தேக்குக் கதவை வாங்கக் காரைக்குடியிலிருந்து பழம்பொருள் வணிகர் வந்தார். கதவுக்கு மூன்று நாள் விலை பேசினர். நூல்களுக்குத் தராசைக்கூட யாரும் சரிபார்க்கவில்லை.