சீரான வேகத்துக்கு ஏது சாலை?

அண்மையில் என் மருமகன் வாங்கிய புதிய காரில் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்றோம். பாளையங்கோட்டையைக் கடந்து நான்குவழிச் சாலையில் ஏறியதும், அவர் ஸ்டியரிங்கில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தி, வேகத்தை 80 கிலோமீட்டரில் நிலைநிறுத்தினார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் கார் அதே வேகத்தில் சென்றது. 'இனித் தூத்துக்குடி வரைக்கும் காலுக்கு ஓய்வு, மாமா' என்றார்.

அந்த ஓய்வு நான்கு நிமிடம்கூட நீடிக்கவில்லை. மையத்தடுப்பின் இடைவெளியிலிருந்து ஓர் இருசக்கர வாகனம், மனைவி, இரு குழந்தைகள், ஒரு புல்லுக்கட்டு சகிதமாக, எங்கள் பக்கச் சாலையில் எதிர்த்திசையில் வந்தது. பிரேக்கை மிதித்தார். பிரேக்கை மிதித்ததுமே அந்தக் கருவி விலகிக்கொள்ளும். அதுதான் அதன் அமைப்பு. மீண்டும் பொத்தான், மீண்டும் பிரேக். ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவுக்குள் ஒன்பது முறை என்று நான் எண்ணினேன். பொருளியல் கற்பித்துப் பழகியவர்களுக்கு எண்ணுவது ஒரு நோய்.

'குரூஸ் கன்ட்ரோல்' என்று எல்லோரும் அழைக்கும் இந்தச் சீர்வேகக் கருவி, சில ஆண்டுகளுக்கு முன்புவரை விலை உயர்ந்த கார்களில் மட்டுமே இருந்தது. இன்று நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களிலும் வந்துவிட்டது. முன்னால் செல்லும் வாகனத்தின் தூரத்தை ரேடார் மூலம் அளந்து, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வகையும் விற்பனைக்கு இருக்கிறது. நீண்ட பயணத்தில் கால்வலி குறையும், எரிபொருள் மிச்சமாகும் என்பவையே இதற்காகச் சொல்லப்படும் இரண்டு காரணங்கள். இரண்டும் உண்மை. ஆனால், அந்த உண்மை காருக்குள் மட்டும் இல்லை. பாதிக்கு மேல் சாலையில் இருக்கிறது.

இதன் பிறப்பே சுவையானது. இதைக் கண்டறிந்தவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். வாழ்நாளில் கார் ஓட்டியவர் அல்லர். அவரை ஏற்றிச் சென்ற வழக்குரைஞர் நண்பர், பேசும்போது வேகத்தைக் குறைப்பதும் கேட்கும்போது கூட்டுவதுமாகக் காரை ஓட்டியதில் எரிச்சலுற்றே இந்த எண்ணம் அவருக்குத் தோன்றியது என்பார்கள். 1950-இல் காப்புரிமை கிடைத்தது. 1958-இல் கிரைஸ்லர் நிறுவனக் கார்களில் அது இடம்பெற்றது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, அமெரிக்கா தன் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ. என்று வேகத்துக்கு உச்சவரம்பு விதித்த காலத்தில்தான் இதற்குப் பரவலான மதிப்பு ஏற்பட்டது. வேகமாகச் செல்வதற்காக அல்ல, வேகத்தை மீறாமல் இருப்பதற்காக மக்கள் இதை நாடினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

எரிபொருள் கணக்கைப் பார்ப்போம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் 100 கி.மீ. வேகத்துக்கு மாறினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றை எதிர்ப்பதற்கான ஆற்றல் 56 சதவீதம் கூடுகிறது. டயர் உராய்வு போன்ற பிற இழப்புகள் அந்த அளவுக்கு உயர்வதில்லை என்பதால் பெட்ரோல் செலவு முழுவதும் 56 சதவீதம் ஏறிவிடாது. எனினும் கணிசமாக ஏறும். இந்தச் செலவுக்கு ஈடாகக் கிடைப்பது என்ன? 50 கி.மீ. பயணத்தில் ஏழரை நிமிடம். அந்த ஏழரை நிமிடத்தையும் தூத்துக்குடி நகருக்குள் நுழைந்தவுடன் முதல் இரண்டு சிக்னல்களில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய செலவு, வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் குறைப்பதில் இருக்கிறது. பிரேக்கை அழுத்தும்போது, எரிபொருளைக் கொண்டு சேர்த்த இயக்க ஆற்றல் முழுவதும் வெப்பமாகக் காற்றில் கலந்துவிடுகிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் 80-லிருந்து 20-க்குக் குறைந்து மீண்டும் 80-ஐ எட்ட, கல்லூரி இயற்பியல் கணக்கின்படி சுமார் 30 மில்லி லிட்டர் பெட்ரோல் தேவை. மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கார் வைத்திருப்பவர் இதைப் பொருட்படுத்த மாட்டார்.

ஆனால், அதே சாலையில் எங்களுக்கு முன்னால் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தை நோக்கி ஒரு கன்டெய்னர் லாரி சென்றுகொண்டிருந்தது. சரக்கோடு சேர்த்து அதன் எடை 40 டன் என்று கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 20-க்குக் குறைந்து மீண்டும் 60-க்கு வர, அதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் டீசல் வேண்டும். பத்து முறை என்றால் மூன்று லிட்டருக்கு மேல். காரில் வந்த நாங்கள் இழந்தது இருபத்தைந்து, முப்பது ரூபாய். அந்த லாரி இழந்தது அதைப்போலப் பத்து மடங்கு. உப்பளங்களிலிருந்து புறப்படும் லாரிக்கும், துறைமுகத்திலிருந்து நிலக்கரியோ உரமோ ஏற்றிச் செல்லும் லாரிக்கும் இதே கணக்குத்தான். சீரற்ற சாலை என்பது எந்தச் சட்டமன்றமும் நிறைவேற்றாத ஒரு வரி. அதைச் செலுத்துபவர் லாரி உரிமையாளர் போலத் தோன்றினாலும், இறுதியில் அது உப்பின் விலையிலும் ஏற்றுமதிச் செலவிலும் வந்து சேர்கிறது. கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு இதைச் சிறிய செய்தியாகக் கருத முடியாது.

பொருளியலில் இணைப்பொருள்கள் என்று ஒரு வகை உண்டு. பேனாவும் மையும் போல, ஒன்றில்லாமல் மற்றதற்குப் பயன் இல்லை. சீர்வேகக் கருவியின் இணைப்பொருள் சாலை. கருவியைத் தனிமனிதர் கடையில் வாங்கிவிடலாம்; சாலையை அப்படி வாங்க முடியாது. சுங்கக் கட்டணத்தின் வழியாக நாம் அதற்கும் விலை கொடுக்கிறோம் என்பது வேறு விஷயம். நான்கு தடங்கள், நடுவில் தடுப்பு என்பதாலேயே ஒரு சாலை விரைவுச்சாலை ஆகிவிடாது. அணுகுசாலை இல்லாத இடத்தில், பக்கத்து ஊருக்குச் செல்லும் விவசாயி எதிர்த்திசையில் வருவதைத் தவிர வேறு என்ன செய்வார்? முறையான திருப்பத்துக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்றால், அவரும் தம் எரிபொருளைக் கணக்கிட்டுத்தான் பார்ப்பார். இடது தடத்தில் நிறுத்தப்பட்ட வாகனங்களும் இருசக்கர வாகனங்களும் நிறைந்திருப்பதால் லாரிகள் வலது தடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வல்லநாட்டில் தாமிரபரணியின் குறுக்கே கட்டப்பட்ட பாலத்தின் மேல்தளத்தில் ஓட்டை விழுந்ததால், ஒருபக்கப் பாலத்திலேயே இரு திசைப் போக்குவரத்தும் நடந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கேயே வெளிமான் சரணாலயமும் சாலையை ஒட்டி இருக்கிறது.

திரும்பும்போது ஆதிச்சநல்லூரைப் பார்க்க விரும்பி, ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றைக் கடந்து திருச்செந்தூர் – திருநெல்வேலி சாலைக்கு வந்தோம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து நெல்லைக்கு வர இது இன்னொரு வழி. ஒருபுறம் வயலும் வாழையும், மறுபுறம் பரம்பு. 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்ற இடம். பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்த இடம். 2020-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில், அருங்காட்சியகம் அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து தொல்லியல் தலங்களில் ஆதிச்சநல்லூரும் ஒன்று. முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே, கண்ணாடித் தளத்தின் வழியாகக் காண வெளியூர்களிலிருந்து மக்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சிக்குரியது.

அவர்களில் பலர் வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கி, நான்குவழிச் சாலையில் காரை ஓட்டிப் பழகிய காலோடு இந்தச் சாலைக்கு வருவார்கள் என்பதுதான் என் கவலை. கருங்குளம், செய்துங்கநல்லூர், கிருஷ்ணாபுரம் என்று ஊருக்குள் புகுந்து வரும் சாலை இது. பள்ளி விடும் நேரம், நெல் காயும் ஓரம், ஆற்றுக்குக் குளிக்கச் செல்வோர், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்லும் பக்தர்கள் என எல்லாவற்றுக்கும் இதே சாலைதான். இங்கு அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது. மருமகனும் தொடவில்லை. கருவியின் கையேட்டிலும், நெரிசலான சாலை, வளைவுகள் மிகுந்த சாலை, ஈரமான சாலை ஆகியவற்றில் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரிக்கை இருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

ஈரம் என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். தேங்கிய நீரின் மேல் டயர் தரைப்பிடிப்பை இழக்கும் நொடியில், சாதாரணமாக ஓட்டுபவர் தன்னுணர்வாலேயே காலைத் தளர்த்துவார். கருவியோ வேகத்தைக் காக்க முயலக்கூடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய மாவட்டம் இது. அப்படிப்பட்ட நாளில் யாரும் காரை எடுக்க மாட்டார்கள். ஆபத்து, சாதாரண ஐப்பசி மழையில்தான்.

ஓட்டுநரின் சுமையைக் குறைக்கும் எதுவும் அவருடைய விழிப்பையும் சேர்த்துக் குறைக்கலாம். பாதுகாப்பு வசதிகள் கூடும்போது ஓட்டுநர்கள் துணிந்து ஓட்டி அந்தப் பயனைக் கரைத்துவிடுகிறார்கள் என்று அமெரிக்கப் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் வாதிட்டார். பயன் முழுவதும் கரைந்துவிடுகிறது என்ற அவரது முடிவைப் பின்வந்த பலர் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. சீட் பெல்ட் உயிர் காக்கிறது. ஆனால், பிற்பகல் வெயிலில், நேரான சாலையில், காலுக்கு வேலையின்றி அமர்ந்திருப்பவருக்குக் கண் சொருகும் என்பதைக் கண்டறிய ஆய்வு தேவையில்லை. அப்போது பலியாகப்போவது அவர் மட்டும் அல்லர். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். பத்தில் நால்வருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. அதிவேகமே பெரும்பான்மை உயிரிழப்புகளுக்குக் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. கார்களுக்கான வேகவரம்பை விரைவுச்சாலைகளில் 120 கி.மீ. வரை உயர்த்திய 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இந்தக் கருவியால் உண்மையில் பயன்பெற வேண்டியவர் யார்? வாரத்தில் ஒருநாள் உறவினர் வீட்டுக்குச் செல்லும் எங்களைப் போன்றோர் அல்லர். நாள் முழுவதும் ஆக்சிலரேட்டரில் கால் வைத்திருக்கும் லாரி ஓட்டுநர்கள். 2015 அக்டோபருக்குப் பிறகு தயாரான பெரும்பாலான சரக்கு வாகனங்களில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டவிடாத வேகக்கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும் என்பது சட்டம். அது வேகத்துக்குக் கூரை போடுகிறதே தவிர, காலுக்கு ஓய்வு தருவதில்லை. புதிய கனரக லாரிகள் சிலவற்றில் சீர்வேகக் கருவியும் வருகிறது. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் ஆகியிருக்கிறது. ஓட்டுநரின் உடல்நலமும் ஒரு பொருளாதார விவகாரம் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு இது அடையாளம்.

ஆனால், மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று 1961-லேயே வரையறுத்தது; சாலையில் அதை யார் அளக்கிறார்கள்? நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் தொழிலில், துறைமுக வாயிலில் வரிசையில் காத்திருந்து இழந்த நேரத்தை ஓட்டுநர் சாலையில்தான் மீட்க முயல்வார். அவரிடம் சீரான வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் காத்திருப்பைக் குறைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ஊர் உள்ள இடங்களில் அணுகுசாலையைத் தொடர்ச்சியாக அமைத்து, அதன் பிறகே மையத்தடுப்பின் முறையற்ற இடைவெளிகளை அடைக்க வேண்டும். வரிசையை மாற்றி முதலில் அடைத்தால், மக்கள் மறுநாளே உடைப்பார்கள். அது அவர்கள் குற்றமும் அன்று. லாரிகள் ஒதுங்கி நிற்க, கழிப்பறையும் நிழலும் உள்ள நிறுத்துமிடங்கள் வேண்டும். ஓரிடத்தில் கேமரா வைத்தால், அதன் அருகில் மட்டும் பிரேக் பிடித்து, கடந்ததும் பறப்பார்கள். இரண்டு இடங்களுக்கு இடையிலான சராசரி வேகத்தைக் கணக்கிட்டு அபராதம் விதித்தால், சீராக ஓட்டுவதே ஆதாயம் என்றாகிவிடும். அப்போது அந்தப் பொத்தானுக்கும் வேலை இருக்கும். ஆதிச்சநல்லூர் சாலையில் தேவைப்படுவதோ நடைபாதையும், பள்ளிகளுக்கு முன் வேகத்தடையும், இரவில் விளக்கும்தான்.

அன்று மாலை செய்துங்கநல்லூர் அருகே ஓர் ஆட்டு மந்தை சாலையைக் கடக்கும்வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். வீடு வந்து சேர்ந்ததும் காரின் திரையில் இரு வழிகளின் எரிபொருள் கணக்கையும் மருமகன் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. நான்குவழிச் சாலையில் சுங்கக் கட்டணம் தனி.