அய்யா, அது மராத்தான் இல்லை!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓட்டம் பிடிக்கும், ஓடுகிறவர்களையும் பிடிக்கும். ஆகவே இதைப் படித்துவிட்டு "இவனுக்கு ஊர்ல ஒரு நல்லது நடந்தா பொறுக்காதே" என்று யாரும் கிளம்ப வேண்டாம். (கிளம்புவீர்கள், தெரியும். பரவாயில்லை.)

போன வருடம் எங்கள் வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு "மாபெரும் விழிப்புணர்வு மராத்தான்" நடந்தது. நடத்தியது யார் என்பது இங்கே வேண்டாம். அவர்கள் இல்லாவிட்டால் இன்னொருவர் இதையே இப்படியேதான் நடத்தியிருப்பார். நானும் என் சித்தப்பா மகளும் பேர் கொடுத்தோம். அவள் கல்லூரி முதல் வருடம். போலீஸ் வேலைக்குத்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம். அதனால் தினமும் ஓடுகிறவள். நான் ஹாஸ்டல் சாப்பாட்டில் ஊதிப்போய், லீவில் மட்டும் ஓடுகிறவன். வித்தியாசம் புரிகிறதல்லவா?

5.30 மணிக்கு ஓட்டம் என்று நோட்டீஸில் இருந்ததால் 3.30க்கே அலாரம். ஓடப்போகிறவன் வெறும் வயிற்றில் போகக்கூடாது என்று அம்மா ராகிக் கஞ்சி கரைத்துக் கொடுத்தாள். ஐந்து மணிக்குப் போய் நின்றோம். மார்கண்டேய நதிப் பக்கமிருந்து வந்த காற்றில் பல் கிட்டியது. ஆனால் அந்த இருட்டு ஓடுவதற்கென்றே செய்தது போல இருந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேச்சு கேட்டது. எங்கள் எல்லையோர ஊர்க்கூட்டம் என்றால் அப்படித்தான். ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் இருந்து பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

5.30 ஆனது. 6 ஆனது. 6.30ம் ஆனது. சிறப்பு விருந்தினர் வரவில்லை!

பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் அழைத்து வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் பனியன் முழங்கால் வரை தொங்க, தார் ரோட்டிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டார்கள். 7.10க்குக் கார் வந்தது. பிறகு சால்வை, இன்னொரு சால்வை, மரக்கன்று, பேச்சு. "ஆரோக்கியமான இளைஞர் சமுதாயம்" என்ற வார்த்தை ஏழெட்டு முறை வந்தது. கொடி அசைந்தபோது மணி 7.40. வெயில் நன்றாகவே ஏறியிருந்தது. உலகம் முழுக்க நீண்ட ஓட்டங்களை விடியற்காலையில் வைப்பது அழகுக்காக இல்லை. ஓடும்போது உடம்பு அடுப்பு மாதிரி சூடாகும், அந்தச் சூட்டை வெளியே தள்ள காற்று குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இது எங்கள் வீட்டு எருமைக்குக்கூடத் தெரியும், அதுவே மதியத்தில் நிழலைத் தேடும்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆண்களுக்கு 5 கி.மீ. என்றார்கள், என் போன் 4.3 காட்டியது. பாதியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கடைசியில் வந்தவர்களுக்கு மெடலும் தீர்ந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது முடிவுக்கோட்டு ரிப்பனைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் சின்ன விஷயம், சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பெண்களுக்கு 3 கி.மீ.தான்! என் தங்கை பேசாமல் 5 கி.மீ. வரிசையில் வந்து நின்றாள். ஒரு தன்னார்வலர் அண்ணன் வந்து, "பாப்பா, உங்க லைன் அந்தப் பக்கம்" என்றார். "நான் அஞ்சு ஓடுவேன் அண்ணா" என்றாள். "வேணாம்மா, வெயில்ல மயக்கம் போட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். அந்த வெயிலை யார் உண்டாக்கியது? இரண்டு மணி நேரம் தாமதம் செய்தது அவர்கள், அதற்குத் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியது இவளா? (குறைத்ததென்னவோ நோட்டீஸ் அடிக்கும்போதே. வெயில் என்பது அப்புறம் கண்டுபிடித்த காரணம்.)

இந்த "மயக்கம்" கதை ரொம்பப் பழசு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. ஓடி முடித்தால் ஆண்களும்தான் விழுந்து கிடப்பார்கள், அதை யாரும் எழுதவில்லை. விளைவு, 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டரே இல்லை. 1967ல் பாஸ்டன் மராத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் 261ம் எண்ணை மாட்டிக்கொண்டு ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். அவர் நிற்காமல் ஓடி முடித்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் மராத்தான் வந்தது 1984ல்தான். உலகம் ஒருவழியாக அந்த மூடத்தனத்தைக் கைவிட்டு நாற்பது வருடம் ஆகிவிட்டது. எங்கள் ஊர் நோட்டீஸில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

சரி, பேருக்கு வருவோம். மராத்தான் என்றால் 42.195 கி.மீ. 1896ல் ஏதென்ஸில் தொடங்கியபோது சுமார் 40 கி.மீ. இருந்தது, 1908 லண்டனில் இந்தக் கணக்கு வந்தது, 1921ல் இதுதான் அளவு என்று முடிவானது. 21 ஓடினால் அரை மராத்தான். ஐந்து ஓடினால் அதற்குப் பேர் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். அதில் என்ன கேவலம்? எங்களுக்குப் பக்கத்திலேயே பெங்களூரில் 2008 முதல் உலகத்தரத்தில் ஒரு ஓட்டம் நடக்கிறது. முதல் வருடமே எரித்ரியாவின் ஜெர்செனாய் டடேசே வந்து ஜெயித்துவிட்டுப் போனார். அதன் பேர் என்ன தெரியுமா? 10கே. அவ்வளவுதான். ஓடுவது பத்து என்றால் பத்து என்றே சொல்கிறார்கள். சென்னையில் 2023 ஆகஸ்ட் 6ந்தேதி நடந்த கலைஞர் நூற்றாண்டு மராத்தானில் 73,206 பேர் கலந்துகொண்டு கின்னஸில் இடம்பிடித்தது. அங்கேயும் 5, 10 கி.மீ. பிரிவுகள் உண்டு. ஆனால் 42 ஓடுகிறவனுக்கும் வழி இருந்ததே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்து எருது விடும் விழாவில் காளை ஓட வேண்டிய தூரத்தை அளந்து வைப்பார்கள், குறைந்த வினாடியில் ஓடிய காளைக்குத்தான் பரிசு. ஒரு வினாடி தவறாகச் சொல்லிவிட்டு மாட்டுக்காரரிடமிருந்து தப்பிவிட முடியுமா, முயன்று பாருங்கள். மாட்டுக்குக் கொடுக்கிற கணக்கை மனுஷனுக்கும் கொடுத்தால் என்ன?

"பேர்ல என்னப்பா இருக்கு? ஏதோ நாலு பசங்க ஓடினாங்களே, அதுவரைக்கும் நல்லதுதானே" என்று அப்பாவே கேட்டார். பேரில்தான் எல்லாம் இருக்கிறது. "மராத்தான்" என்று போட்டால் பெரிய வேலை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. போட்டோ வந்தாச்சு, இளைஞர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாச்சு. மிச்சம் 364 நாளைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

அந்த 364 நாளில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். விடியற்காலை 4.45க்கு எங்கள் ரோட்டில் வந்து பாருங்கள். ஏழெட்டுப் பையன்கள், இரண்டு மூன்று பெண்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். அதில் தோற்றால் எழுத்துத் தேர்வில் எடுத்த மார்க்கெல்லாம் வீண். இவர்களுக்கு ஓட்டம் என்பது விழிப்புணர்வு இல்லை, சம்பளம். தார் முடிகிற இடத்தில் அரையடிப் பள்ளம், அதற்கப்புறம் முள். விளக்கு கிடையாது. குவாரியிலிருந்து கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் அதே நேரத்தில்தான் வரும். லைட்டைப் பார்த்ததும் எல்லாரும் பள்ளத்தில் இறங்கி நின்று, போனதும் மறுபடி ஏறி ஓட வேண்டும். நடுவே நாய். நேர்லகிரி பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று செய்தி வந்தால் அன்றைக்கு ஓட்டமே இல்லை.

என் தங்கைக்குப் பின்னால் சித்தப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு மெதுவாக வருவார். அப்பா பின்னால் வர முடியாத பெண்கள்? ஓடுவதில்லை. அவ்வளவுதான் அதற்குப் பதில்.

2023 நவம்பர் 4ந்தேதி அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 38 மாவட்டத்திலும் 8 கி.மீ. நடைபாதைகளைத் தொடங்கியது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று. எங்களுக்கு கிருஷ்ணகிரியே 20 கி.மீ. பக்கம். நடப்பதற்கு பஸ் ஏறிப் போவதா?

நாங்கள் கேட்பது பெரிய ஸ்டேடியம் இல்லை. பக்கத்துப் பள்ளி மைதானத்தின் கேட்டை காலை நாலரைக்குத் திறந்துவிடுங்கள். இரண்டு விளக்கு போடுங்கள். ரோட்டோரப் பள்ளத்தை மண் கொட்டிச் சமன் செய்யுங்கள். ஆறு மணி வரைக்கும் டிப்பரை நிறுத்தி வையுங்கள். அந்த ஒரு நாள் பனியனுக்கும் பிளெக்ஸுக்கும் மேடைக்கும் ஆன செலவில் விளக்கும் மண்ணும் வாங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். மைதானக் கேட்டைத் திறக்கச் சொல்லி நாங்கள் எழுதிக் கொடுத்த மனுவுக்கு "சொத்துக்குப் பாதுகாப்பு இல்லை" என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. அந்த மைதானத்தில் இருக்கிற சொத்து இரண்டு கோல் போஸ்ட், அதில் ஒன்று சாய்ந்துவிட்டது.

இந்த வருடமும் "மராத்தான்" உண்டாம், நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருக்கிறார்களாம். பேர் கொடுக்கிறாயா என்று தங்கையிடம் கேட்டேன். "எத்தனை மணிக்கு ஆரம்பிப்பாங்க?" என்றாள். அஞ்சரை என்று போட்டிருக்கும் என்றேன். "அதுக்குள்ள நான் ஓடி முடிச்சிட்டு காலேஜ் பஸ்ஸுக்குக் குளிக்கப் போயிருப்பேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு, சித்தப்பாவிடம் எக்ஸ்எல்லுக்கு பெட்ரோல் போட்டாச்சா என்று கேட்கப் போய்விட்டாள்.