முதல் வரியில் பதிப்பு எண்

போன மாதம் ஒரு பாட்டுப் புத்தகம் மறுஅச்சுக்காக என் மேசைக்கு வந்தது. கொயருக்கான நாலு குரல் கீர்த்தனைகள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் யாரோ லில்லிபாண்ட் என்ற இசை அச்சுக்கோப்பு மென்பொருளில் பொறுமையாக அடித்து வைத்தவை. அடித்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டால் கமிட்டியில் ஆளுக்கொரு பதில். கோப்புகளை அதன் 2.24 பதிப்பில் ஓட்டினேன். சிவப்பில் ஒரு வரிகூட வரவில்லை. பிடிஎஃப் சுத்தமாக வந்து விழுந்தது. நானும் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துவிட்டு புரூஃபை அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஆர்கன் வாசிப்பவர் போன் செய்தார்: "சார், மூணாவது பாட்டுல சொப்ரானோ ஏன் பேஸுக்குப் போட்டியா கீழே கிடக்கு?"

எடுத்துப் பார்த்தால் உண்மைதான். மெலடி முழுக்க ஒரு ஆக்டேவ் இறங்கி, ஸ்டாஃபுக்கு அடியில் துணைக்கோடுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலாவது பாட்டு சரி. ஐந்தாவது சரி. ஆறாவதில் ஆல்ட்டோ மட்டும் இறங்கியிருந்தது. இதில் என்ன ஒழுங்கு என்று பிடிபட எனக்கு அரை மணி நேரம் ஆனது. சி, டி, இ, எஃப் ஆகிய நாலில் ஒன்றில் தொடங்கும் குரல்கள் எல்லாம் இறங்கியிருந்தன. ஜி, ஏ, பி-யில் தொடங்கியவை இருந்த இடத்திலேயே இருந்தன.

காரணம் தெரிந்தவர்கள் இதற்குள் சிரித்திருப்பீர்கள். ஒவ்வொரு சுரத்தையும் முந்தைய சுரத்துக்கு மிக அருகில் வைக்கும் ரிலேட்டிவ் கட்டளைக்கு ஆரம்ப சுரம் தராமல் விட்டால், பழைய பதிப்புகள் நடு சி-யை ஆரம்பமாக எடுத்துக்கொள்ளும். 2.18-இல் அது மாறியது. ஆரம்பம் தராவிட்டால் முதல் சுரத்தை எழுதியபடியே, ஆக்டேவ் குறியோடு, நேரடியாக எடுத்துக்கொள்ளும். அதாவது கீழ் ஆக்டேவின் எஃப்-ஐ ஆரம்பமாக வைத்தது போல. நடு சி-யிலிருந்து பக்கத்து ஜி, ஏ, பி மூன்றும் கீழ்ப்பக்கம்தான் கிடைக்கும். புதுக் கணக்கிலும் அவை அதே இடத்தில்தான் விழுகின்றன. சி முதல் எஃப் வரையுள்ள நாலும் பழைய கணக்கில் மேலே. புதுக் கணக்கில் கீழே. பாதிப் புத்தகம் தப்பியதும் பாதி விழுந்ததும் இதனால்தான்.

மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நடு சி என்ற பழைய வழக்கம் யாரோ எப்போதோ எடுத்த முடிவு. ஆரம்பத்தைச் சொல்லாமல் விடாதீர்கள் என்று அப்போதைய கையேடும் எச்சரித்தே வந்தது. புது வழக்கத்தில் முதல் சுரம் எங்கே என்று கோப்பைப் பார்த்த உடனே தெரிகிறது. ஆனால் சத்தமில்லாமல் அர்த்தம் மாறும் மாற்றம் இது. குறுக்கே விழுந்து பிழை என்று கத்தும் மாற்றத்தோடு நாம் சமாளித்துக்கொள்வோம். அதே 2.18-இல் ஸ்டக்காட்டிசிமோவுக்கான குறி நேர்க்கோட்டிலிருந்து ஆச்சரியக்குறிக்கு மாறியது. பழைய கோப்பை ஓட்டினால் உடனே முட்டிக்கொண்டு நிற்கும், ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். கத்தாமல் போவதுதான் புரூஃபில் மாட்டாமல் பிரஸ்வரை போகிறது.

உண்மையில் அந்தக் கோப்புகளை ஓட்டியபோது ஒரே ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. நான்தான் கண்ணால் தாண்டிப் போய்விட்டேன். பதிப்பு எண் இல்லை, இன்ன எண்ணைச் சேர்க்கவும் என்கிற வழக்கமான வரி. இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த எச்சரிக்கை சொல்வது, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் லில்லிபாண்டின் எண்ணை. அதை அப்படியே வெட்டி ஒட்டினால் எச்சரிக்கை மறையும், நமக்கும் நிம்மதி. ஆனால் பழைய இலக்கணத்தில் எழுதிய கோப்பின் தலையில் 2.24 என்று பொய்ச் சான்றிதழ் ஒட்டியதாகிவிடும். பிறகு பழைய கோப்பைப் புதிய இலக்கணத்துக்கு மாற்றித் தரும் கன்வர்ட்-எல்ஒய் அதைத் திறந்து, இது புதியது, எனக்கு வேலை இல்லை என்று மூடிவிடும். இந்தத் தப்பை நானும் ஒரு காலத்தில் வரிசையாக நாற்பது கோப்புகளுக்குச் செய்திருக்கிறேன். எண் இல்லாத கோப்பு கைக்கு வந்தால், அது எந்தக் காலத்தது என்று உள்ளே இருக்கும் எழுத்தை வைத்து ஊகித்து, அந்தப் பழைய எண்ணைப் போடுங்கள். பிறகு கன்வர்ட்-எல்ஒய்யை ஓட்டுங்கள். காலத்தைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஓவர்ரைடு வரிகளில் மேற்கோள் குறியும் ஹாஷும் சேர்ந்து மண்டிக் கிடந்தால் 2.18-க்கு முந்தைய ஆள் எழுதியது. அவற்றின் இடத்தில் வெறும் புள்ளி இருந்தால் பிந்தையவர். டிரிப்லெட்டுக்கு டைம்ஸ் 2/3 என்று இருந்தால் பெரும்பாலும் பழைய கை.

அந்த டைம்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 1996-இல் ஹான்-வென் நியென்ஹுய்ஸ், யான் நியுவென்ஹைசன் என்ற இரண்டு டச்சு இளைஞர்கள் லில்லிபாண்டைத் தொடங்கினார்கள். ஒருவர் ஹார்ன், மற்றவர் வியோலா, ஒரே இளையோர் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர்கள். வாத்தியக்காரர்கள்தான். ஆனாலும் டிரிப்லெட் விஷயத்தில் கணக்கு வாத்தியாரின் கையே ஓங்கியிருந்தது. மூன்று எட்டாம் சுரங்களை 2/3-ஆல் பெருக்கினால் இரண்டின் நேரம் வரும் என்பது கணக்கு. வாத்தியக்காரர் சொல்வதோ இரண்டின் இடத்தில் மூன்று. தாளில் அச்சாவதும் 3-தான். 2.18-இல் வந்த டூப்லெட் 3/2 இந்தப் பேச்சு வழக்கைத்தான் பின்பற்றியது. பின்னம் தலைகீழானதில் நம்மில் பலருக்குக் கோபம் வந்தது. கை பழகிவிட்டதே. ஆனால் இன்று புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிற ஒருவருக்கு டைம்ஸ் 2/3-ஐ விளக்க முயன்று பாருங்கள். பழையதும் இன்னும் வேலை செய்கிறது என்பதால் இது யாரையும் நடுத்தெருவில் விட்ட மாற்றமும் இல்லை.

2022 டிசம்பரில் வெளிவந்த 2.24-இல் எனக்கு மிகவும் பிடித்தது ரிப்பீட் பகுதியில் வந்தவை. நம் கீர்த்தனை அச்சுக்கோப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. இதைத் தாளில் டா காப்போ அல் ஃபீனே என்று போடுகிறோம். இதுவரை எப்படிப் போட்டோம்? சரணத்தின் கடைசி பாரில் வலது ஓரத்தில் டி.சி. என்று ஒரு எழுத்தை ஒட்டினோம். பல்லவி முடிவில் ஃபீனே என்று இன்னொரு எழுத்து. இரட்டைக் கோட்டைக் கையால் போட்டோம். வரி உடைந்து அந்த எழுத்து அடுத்த வரியின் தலைக்குத் தாவினால் அதற்கு வேறு ஒரு வைத்தியம். அச்சில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மென்பொருளுக்கோ அவை வெறும் எழுத்துகளும் கோடுகளும்தான். மிடி கோப்பை ஓட்டினால் பல்லவி திரும்ப வராது. கொயர் ஒத்திகைக்கு மிடி அனுப்பியவர்கள் எல்லோரும் பல்லவியை இரண்டாம் முறை வெட்டி ஒட்டியிருப்பீர்கள்.

2.24-இல் ரிப்பீட் செக்னோ என்று ஒரு வகை வந்திருக்கிறது. பல்லவியையும் சரணத்தையும் அதற்குள் எழுதி, பல்லவி முடிவில் இரண்டாம் முறைக்கு மட்டும் ஃபீனே என்று சொன்னால் போதும். பாட்டின் தொடக்கத்திலிருந்தே ரிப்பீட் ஆரம்பிப்பதால் டி.சி. அல் ஃபீனே என்பதை அதுவே எழுதிக்கொள்கிறது. ரிப்பீட்டை விரிக்கச் சொன்னால் மிடியிலும் பல்லவி திரும்ப வந்து ஃபீனேயில் நிற்கிறது. இதோடு செக்ஷன் என்ற கட்டளை, கோடா குறிக்குத் தனிக் கட்டளை, ஆல்டர்னேட்டிவை ரிப்பீட்டுக்கு உள்ளேயே எழுதும் வசதி எல்லாம் சேர்ந்து வந்தன. இரட்டைக் கோடு போடு என்பதற்குப் பதில் இங்கே ஒரு பகுதி முடிகிறது என்று சொல்கிறோம். அந்த இடத்தில் வேறு கோடு வரவேண்டியிருந்தால் எதைப் போடுவது என்பதை அது பார்த்துக்கொள்கிறது. இப்படி, தாளில் எப்படித் தெரியவேண்டும் என்பதை விட்டு இசையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வைக்கும் மாற்றங்களுக்காகக் கோப்புகளைத் திறந்து கை வைப்பது வீண் வேலை இல்லை. ஒரு மாற்றம் வெறும் ரசனை மாற்றமாக இருந்தால் எனக்கும் எரிச்சல்தான்.

அடுத்தது எழுத்துரு. இதில் தமிழில் வேலை செய்பவர்களுக்கு மற்றவர்களைவிட அதிக வலி. லில்லிபாண்டில் இயல்பாக வரும் செஞ்சுரி ஸ்கூல்புக் வகை எழுத்துருவில் தமிழ் கிடையாது. பாட்டு வரிகளைத் தமிழில் அடித்தால், அந்தக் கணினியில் எந்தத் தமிழ் எழுத்துரு கைக்குக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று, லினக்ஸில் ஒன்று. கொம்பும் காலும் எல்லாம் சரியான இடத்தில்தான் வரும். அந்தப் பழைய சண்டை முடிந்துவிட்டது. பிரச்சினை அகலத்தில். பாட்டு வரியில் ஒவ்வொரு அசையும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை வைத்துத்தான் மேலே சுரங்களின் இடைவெளி நிர்ணயமாகிறது. தமிழ் அசை ஏற்கெனவே அகலம். 'ணௌ' மாதிரி ஒன்று வந்துவிட்டால் ஒரு பாரே வீங்கும். எழுத்துரு மாறினால் வரி உடைவது மாறும், பக்கம் மாறும். என் கணினியில் இரண்டு பக்கத்தில் அடங்கிய பாட்டு பிரஸ்காரர் கணினியில் மூன்றாம் பக்கத்துக்கு ஒரே ஒரு பாரைத் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன். ஆர்கன் வாசிப்பவர் அந்த ஒரு பாருக்காகப் பக்கம் புரட்ட வேண்டும்.

எழுத்துருவைக் கோப்பிலேயே கட்டிவைப்பதுதான் மருந்து என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய முறை கொஞ்சம் கொடுமை. ரோமன், சான்ஸ், டைப்ரைட்டர் என்று மூன்றையும் வரிசையாகக் கொடுத்து, கடைசியில் ஸ்டாஃப் உயரத்தை இருபதால் வகுக்கும் ஒரு ஸ்கீம் கணக்கையும் எழுதவேண்டும். ஸ்டாஃப் அளவை மாற்றும் வரியை இதற்கு முன்னால் போட்டால் ஒன்று, பின்னால் போட்டால் இன்னொன்று. யாரோ எழுதியதை நகலெடுத்து, கை வைக்காமல் ஓட்டிவந்தவர்களே அதிகம். 2.25 வளர்ச்சிப் பதிப்புகளில் இதை மாற்றியிருக்கிறார்கள். பேப்பர் பகுதிக்குள் செரிஃப் எழுத்துரு இது என்று ஒரே வரி. ரோமன் என்ற பெயரும் செரிஃப் ஆகிவிட்டது. ரோமன் எழுத்தே இல்லாத பாட்டுப் புத்தகத்தில் தமிழ் எழுத்துருவை ரோமன் என்று அறிவித்துக்கொண்டிருந்தது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருந்தது. புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண் வந்தால் அது வளர்ச்சிப் பதிப்பு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வீட்டில் சோதித்துப் பாருங்கள். பிரஸுக்குப் போகும் வேலையை இரட்டைப்படையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில, சுருக்கமாக. 2.24-இலிருந்து மேக்குக்கும் விண்டோஸுக்கும் 64 பிட் வடிவம் கிடைக்கிறது. 2019-இல் மேக் தன் 32 பிட் ஆதரவை நிறுத்தியபோது தவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கைரோ வழியாக பிடிஎஃப் எடுக்கும் வழி ஒன்று திறந்திருக்கிறது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லாமல் நேராகப் போவதால் வேகம். ஒரே சுரத்தில் ஓதும் சங்கீத வரிகளுக்கு, சுரத்தை ஒருமுறை எழுதிவிட்டு அடுத்தடுத்துக் கால அளவு எண்ணை மட்டும் அடித்தால் போதும் என்பது 2.20-இலிருந்தே இருக்கிறது. பயன்படுத்துபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. உள்ளே இருந்து ஸ்கீமை ஓட்டும் கைல் 1.8-இலிருந்து 2.2-க்கு மாறியதில், தங்களுக்கென்று ஸ்கீமில் சிறு நிரல்கள் எழுதிவைத்தவர்கள் அடிபட்டார்கள். கன்வர்ட்-எல்ஒய் இதில் உதவாது. அது இலக்கணத்தைப் புரிந்துகொண்டு மாற்றும் கருவி இல்லை, எழுத்து வரிசையைத் தேடி மாற்றும் கருவி. தன்னால் முடியாத இடத்தில், எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை, நீங்களே கையால் திருத்துங்கள் என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. அந்த வரியை ஜன்னலில் ஓடவிட்டு மூடாமல் ஒரு கோப்பில் பிடித்து வைத்துப் படிக்க வேண்டும்.

இத்தனை தொந்தரவு எதற்கு, ஒரு மென்பொருளை வாங்கினோமா, மவுஸால் போட்டோமா என்று இருக்கக்கூடாதா என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் 26-க்குப் பிறகு அந்தக் கேள்வி குறைந்திருக்கிறது. முப்பத்தைந்து வருடம் ஓடிய ஃபினாலே என்ற மென்பொருளை இனி வளர்க்கப்போவதில்லை என்று அன்று அறிவித்தார்கள். அதில் வாழ்நாள் வேலையை வைத்திருந்தவர்கள் மியூசிக்எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். சுரமும் காலமும் வரிகளும் ஏறக்குறைய பத்திரமாக வந்துவிடும். கையால் இழுத்து வளைத்த ஸ்லரும், பக்கத்துக்குப் பக்கம் பார்த்துச் சரிசெய்த இடைவெளிகளும் அப்படி வருவதில்லை. நம் கோப்பு வெறும் எழுத்து. பென்சிலை எடுத்துத் திருத்துவது போல எந்த எடிட்டரிலும் திறந்து திருத்தலாம். இலக்கணம் மாறியது என்பது எரிச்சல். கோப்பைத் திறக்கவே முடியாது என்பது வேறு வகை.

அதனால் எங்கள் அலுவலகத்தில் இந்த மாதத்திலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வேலை முடிந்து பிரஸுக்குப் போகும் ஒவ்வொரு பாட்டுக்கும், கோப்போடு அன்றைய பிடிஎஃப்பையும் சேர்த்து வைக்கிறோம். பதிப்பு மாற்றும்போது முதலில் ஒரு நகல், அதில் கன்வர்ட்-எல்ஒய், பிறகு புது பிடிஎஃப், பழைய பிடிஎஃப்போடு பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒரு பார்வை. மிடியையும் ஒருமுறை கேட்பது. ஆக்டேவ் இறங்கினால் கண் ஏமாறினாலும் காது ஏமாறாது. இரண்டு பதிப்பு எண் தாண்ட வேண்டியிருந்தால் பழைய லில்லிபாண்ட் இன்னும் ஓடும் கணினி ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அது ஓட மறுக்கும் நாள் வருவதற்குள் பழைய கோப்புகளை முடித்துவிட வேண்டும்.

அந்தப் பாட்டுப் புத்தகத்தில் இன்னும் பதினோரு பாட்டுகள் பாக்கி. ஜி, ஏ, பி-யில் தொடங்குபவை எல்லாம் முடிந்துவிட்டன.